பூசைக்கு முன் தின்ற இஞ்சி

இலுப்பூர்,
7-12-1952

அருள்ராணியின் அப்பாவுக்கு,

அற்புதமேரி எழுதுவது. கடிதத்தின் தலையில் எப்போதும் சேசு மரி சூசை என்று எழுதித்தான் தொடங்குவேன். இன்றைக்குக் கை வரவில்லை. நானும் பிள்ளையும் வியாழக்கிழமை பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். சொல்லாமல் கிளம்பியது தப்புதான். சொல்லியிருந்தால் மட்டும் நீங்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருப்பீர்களா?

நான் கேட்பது ஒரே கேள்வி. ஏன் பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற நன்மையை, சேசுவின் திருச்சரீரத்தை, வாங்கப் போகமாட்டேன் என்கிறீர்கள்? ஆகஸ்டு பதினைந்து, மோட்ச ராக்கினி திருநாளன்று கடைசியாக வாங்கினீர்கள். அதற்குப் பிறகு பதினாறு ஞாயிறு எண்ணிவிட்டேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கும் போகவில்லை. ஆண்கள் பக்கத்தில் எல்லாரும் எழுந்து பீடத்துக்கு முன்னால் கிராதிக்குப் போகிறார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், சாவான பாவம். சொல்ல முடியாத பாவம். அந்தச் சாமியார்தான் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேனேஜர் என்பதாவது நினைவில் இருக்கிறதா?

கீரைக்காரி மூக்காயி வீட்டு வாசலில் கருக்கலில் உங்களைப் பார்த்ததாக ஒருத்தி சொல்லவில்லை, மூன்று பேர் சொன்னார்கள். முதல் ஆளைத் திட்டி அனுப்பினேன். இரண்டாவது ஆளிடம் சிரித்தேன். மூன்றாவது ஆள் சொன்னபோது பெட்டியைக் கட்டினேன். நெருப்பில்லாமல் புகையாது.

நேற்று அருள்ராணி என்னிடம், "எனக்குப் புதுநன்மை குடுக்கையில அப்பாவும் பக்கத்துல முழங்கால் போடுவாங்கள்லம்மா?" என்று கேட்டாள். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குவுக்கு அடுத்த ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை, முதல்முதலாக வாங்கப்போகிறாள். ஆத்தாளும் அப்பனும் இரண்டு பக்கமும் இருந்து வாங்க வேண்டும். என்ன பதில் சொல்லட்டும்?

பாலன் பிறப்புப் பூசையில் நீங்கள் நன்மை வாங்கினீர்கள் என்று கேள்விப்பட்டால் மறுநாள் முதல் பஸ்ஸில் வருகிறேன்.

அற்புதமேரி

•

செபமாலைப்பட்டி, ஆவூர் வழி,
14-12-1952

அன்புள்ள மேரிக்கு,

ஆரோக்கியமுத்து எழுதுவது. உன் கடிதத்தைத் தபால்காரர் பள்ளிக்கூடத்திலேயே கொடுத்துவிட்டார். நாலாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு படித்தேன்.

மூக்காயிக்கு என் அம்மா வயது. அவள் கேட்டால் சிரித்தே செத்துப்போவாள். அவளிடம் நான் வாங்கியது இஞ்சி. வெறும் இஞ்சி. சந்தைக்குப் போகிறவள் எனக்கும் சேர்த்து வாங்கி வருகிறாள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் பிடிக்க வேண்டுமென்றால் கருக்கலில்தான் போக வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

நன்மை வாங்காததற்குக் காரணம் இருக்கிறது. நீ நினைக்கிற காரணம் இல்லை. அதைக் கடிதத்தில் எழுத முடியாது. நேரில் சொல்லவும் முடியவில்லை என்பது உனக்கே தெரியும்.

ஒன்று கேட்க வேண்டும். இஞ்சிச் சாற்றை நீ எவ்வளவு நேரம் தெளிய வைப்பாய்? நான் போட்டால் அடியில் வெள்ளை வண்டல் பிரிவதே இல்லை. தொண்டை எரிகிறது. தேன் தீர்ந்துவிட்டது, வெல்லம் போட்டுக்கொள்கிறேன். பிள்ளையிடம் ஞானோபதேசத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேள். பத்துக் கற்பனையில் ஆறாவதை எப்போதும் விட்டுவிடுவாள்.

ஆரோக்கியமுத்து

•

இலுப்பூர்,
29-12-1952

அருள்ராணியின் அப்பாவுக்கு,

பிறப்புப் பூசைக்கு அண்ணன் ஆவூருக்கு வந்திருந்தார். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். நீங்கள் எழுந்திருக்கவில்லை. சேதி கேட்டதும் ஆத்திரம்தான் முதலில் வந்தது. அதற்குப் பிறகு அண்ணன் சொன்னதைக் கேட்டு உடனே காகிதத்தை எடுத்துவிட்டேன்.

அண்ணன் நேரே மூக்காயி வீட்டுக்கே போய்விட்டார். சண்டை போடப் போன மனிதரை உட்கார வைத்து மோர் கொடுத்திருக்கிறாள். "இந்தக் கிழவி மேல பழி சொன்ன வாய்க்குச் சீனிதான் போடணும். வாத்தியாரு எங்கிட்ட வாங்குறது இஞ்சிதாங்க. வாரத்துக்குக் கால் வீசை. மனுசன் திம்பானா அம்புட்டு? ஆளைப் பாத்தீங்களா, சட்டை அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுது. வீட்ல சொல்லாதேன்னு சத்தியம் வேற வாங்கிட்டாரு" என்றாளாம்.

கால் வீசை இஞ்சி! நம் வீட்டில் நான் மணலில் புதைத்து வைத்தது ஒரு மாதத்துக்கு வரும். சாப்பிட்டால் செரிக்கவில்லை, வயிறு தம்மென்று உப்புகிறது, புளித்த ஏப்பம் வருகிறது என்றுதானே மூன்று வருடமாக உங்களுக்குச் சாறு கொடுத்தேன்? அதுவும் பூசை முடிந்து வந்த பிறகு ஒரு கரண்டி. ஒரு கரண்டியில் ஏப்பம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போன மனிதருக்கு எதற்குக் கால் வீசை? எனக்குத் தெரியாமல் வாங்கித் தின்ன வேண்டிய அவசியம் என்ன?

மூக்காயி விஷயத்தில் நான் நினைத்தது பாவம். அவள் காலில் விழுவேன். ஆனால் இப்போது நான் பயப்படுவது வேறு. உங்களுக்கு உடம்புக்கு என்ன? மறைக்காமல் எழுதுங்கள். சாற்றைக் கால் மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். தோலைச் சீவினீர்களா? இஞ்சிக்குத் தோல் நஞ்சு.

அற்புதமேரி

•

செபமாலைப்பட்டி,
6-1-1953

அன்புள்ள மேரிக்கு,

இன்று மூன்று ராசாக்கள் திருநாள், பள்ளிக்கூடம் லீவு. கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு. உன் அண்ணனிடம்கூடக் காட்டாதே.

போன ஆடி மாதத்திலிருந்து வலி மாறிவிட்டது. முன்பு சாப்பிட்ட பிறகு உப்பும். இப்போது விடியற்காலை நாலு மணிக்கு, வெறும் வயிற்றில், தொப்புளுக்கு மேலே யாரோ கரண்டியை வைத்துக் குடைவதுபோல் வருகிறது. நீ விழிப்பதற்குள் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். ஒரு துண்டு இஞ்சியைக் கடித்தால் அரைமணி நேரம் அடங்கும். பிறகு ஒரு துண்டு போதவில்லை.

உனக்குச் சொல்லாததற்குக் காரணம் என் அப்பா. அவர் செத்தபோது எனக்குப் பதினான்கு வயது. இதே நாலு மணிக்குத்தான் அவரும் முஷ்டியை வயிற்றில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குன்மம் என்றார் வைத்தியர். ஆறே மாதம். கடைசியில் காப்பிக் கசடு மாதிரி வாந்தி எடுத்தார். அந்த நாற்றம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சொன்னால் நீ ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாய். அங்கே அவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். சொல்லாதவரை அது இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வாத்தியார் புத்தி இவ்வளவுதான்.

இனி நன்மை விஷயம். நடுச்சாமம் தாண்டி ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கினாலும் அன்று நன்மை வாங்கக் கூடாது. இதை நானே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! மோட்ச ராக்கினி திருநாளன்று நாலரை மணிக்கு வலி தாங்காமல் நகத்தளவு இஞ்சி கடித்து விழுங்கினேன். நன்மை வாங்காமல் இருந்துவிடலாம் என்று எண்ணித்தான் கோயிலுக்குப் போனேன். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறுபது பேரும் என் பின்னால் வரிசை கட்டி நிற்கிறார்கள். நான் எழுந்தால்தான் அவர்கள் எழுவார்கள். சாமியார் பாத்திரத்தோடு கிராதிக்கு வந்து என்னையே பார்த்தார். எழுந்து போய்விட்டேன் மேரி. கண்ணை மூடி நாக்கை நீட்டிவிட்டேன். நன்மை நாக்கில் பட்டபோது இஞ்சிக் காரம் இன்னும் அங்கே இருந்தது.

அது தேவதுரோகம். தெரிந்தே செய்தது. அதைச் சொல்லாமல் இனி எந்த நன்மையும் வாங்க முடியாது. பிறப்புப் பூசையன்று இஞ்சியைத் தொடவில்லை, ஆனாலும் பழையது அப்படியே இருக்கிறதே. சாமியாரிடம் சொல்லலாம் என்று நாலு சனிக்கிழமை போனேன். வரிசையில் நின்று, என் முறை வரும்போது செருப்பைத் தேடுகிற பாவனையில் வெளியே வந்துவிட்டேன். என் குரல் அவருக்குத் தெரியும். ஞானோபதேசம் நடத்துகிறவனே இப்படிச் செய்தான் என்று நினைக்கமாட்டாரா?

இன்னொன்றும் இருக்கிறது. பத்து நாளாக வெளிக்குப் போனால் கரியாகப் போகிறது, தார் மாதிரி. மாடிப்படி இரண்டு ஏறினால் கண் இருட்டுகிறது. அப்பாவுக்காவது சாகும் வேளையில் சாமியார் வந்து எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசினார். எனக்கு வலிக்குப் பயமா, சாவுக்குப் பயமா, அதற்குப் பிறகு வருவதற்குப் பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து நாலு மணிக்கு வருகிறது.

உன் ஆரோக்கியமுத்து

•

இலுப்பூர்,
9-1-1953

என்னங்க,

கடிதத்தை எரிக்கவில்லை. அண்ணனிடம் காட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் வண்டி பிடித்துக்கொண்டு வருவார். "மச்சானைத் தூக்கிப் போட்டாவது புதுக்கோட்டைக்குக் கொண்டு போயிருவேன். நீ அழுகாதே" என்றிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதுவரை இஞ்சியைத் தொடாதீர்கள். அல்லது தொட்டால்தான் வலி அடங்குமா? எதைச் சொல்வது என்று தெரியவில்லை. மூன்று வருடம் நான்தானே ஊற்றிக் கொடுத்தேன்? வண்டலைச் சரியாக இறுத்தேனா? அவசரத்தில் ஒரு நாளாவது தோலோடு நசுக்கினேனா? நேற்று முழுக்க இதையே யோசித்தேன். சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்று ஊரே சொல்லுமே, என் கையால் அது உங்களுக்கு விஷமாகிவிட்டதா?

பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. நான் அழுதால் வெங்காயம் என்கிறேன்.

மேரி

•

ஆஸ்பத்திரி, புதுக்கோட்டை,
27-1-1953

அன்புள்ள மேரிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது உன் அண்ணன் கட்டிலை விட்டு நகரவே இல்லை. நல்ல மனிதர், ஆனால் நாற்காலி மாதிரி உட்கார்ந்துவிட்டார். அதனால் சொல்ல நினைத்ததை எழுதுகிறேன்.

இங்கிருந்து திருச்சிக்கு அனுப்பி, சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். படத்தை டாக்டர் ரத்தினவேல் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கையில் என் உயிர் என்னிடம் இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பயப்படாதீங்க வாத்தியாரே, கட்டியெல்லாம் இல்ல. குடல் வாசல்ல புண்ணு. அது கசிஞ்சுதான் கருப்பாப் போயிருக்கு. இதுவரைக்கும் என்ன மருந்து சாப்ட்டீங்க?" நான் சொன்னேன். எவ்வளவு என்றார். அதையும் சொன்னேன். படத்தைக் கீழே வைத்துவிட்டார். "இஞ்சி அஜீரணத்துக்கு நல்லதுதான், நானே திம்பேன். ஆனா ஒங்களுக்கு இருக்கறது அஜீரணம் இல்லையே. மூணு வருசத்துக்கு முந்தி இருந்திருக்கும். புண்ணு வந்தப்பறம் அதுமேல காரத்தைத் தேய்ச்சா அது என்ன செய்யும்? ஒரு மாசம் பிந்தியிருந்தீங்கன்னா நான் ஒங்களைப் பாத்திருக்க மாட்டேன்."

ஆகவே உன் கையில் விஷம் இல்லை. நீ கொடுத்த ஒரு கரண்டி வேலை செய்தது. உனக்குத் தெரியாமல் நான் திருடித் தின்றதுதான் குடலை அரித்தது.

சாகமாட்டேன் போலிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அடுத்ததைக் கேள். இனி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பால் குடிக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குக் கட்டாயம். ஒரு வேளை தவறினாலும் புண் திரும்பக் கசியுமாம். எத்தனை நாளைக்கு என்றேன். "வருசக்கணக்கா வச்சுக்கங்க" என்கிறார். பாலைக் குடித்துவிட்டு நான் எப்படி நன்மை வாங்குவேன்? பாவத்தைச் சொல்லித் தீர்த்தாலும் வழி அடைபட்டுவிட்டது. பிள்ளையின் புதுநன்மைக்கு நாலு மணிப் பாலை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஒரு நாள்தானே?

நேற்றுப் பக்கத்துக் கட்டில் வெள்ளைச்சாமி போய்விட்டார். அவருக்கும் வயிறுதான். மத்தியானம் என்னோடு பேசிக்கொண்டிருந்தவர். கட்டிலைக் கழுவிவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை.

ஆரோக்கியமுத்து

•

செபமாலைப்பட்டி,
1-3-1953

சேசு மரி சூசை

அன்புள்ள உங்களுக்கு,

நாலு மணிப் பாலை விட்டுவிடலாமா என்று எழுதினீர்களே, அந்தக் கடிதம் வந்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாத்தியாருக்குப் படித்தவர் எழுதுகிற எழுத்தா அது? இன்று பூசைக்குப் போய்விட்டு வந்து, காலைக்கூடக் கழுவாமல் எழுதுகிறேன். முதலில் இதைக் கேளுங்கள்.

பிரசங்கத்தில் சாமியார் ரோமாபுரியிலிருந்து வந்த புது உத்தரவைப் படித்தார். இனிமேல் தண்ணீர் குடித்தால் யாருக்கும் உபவாசம் முறியாது. நோயாளிகள், படுக்கையில் விழாமல் நடமாடுகிறவர்கள்கூட, பாவசங்கீர்த்தனம் கேட்கிற குருவின் யோசனையோடு, பால் மாதிரிப் பானமோ மருந்தோ சாப்பிட்டுவிட்டு நன்மை வாங்கலாம். கோயிலில் குசுகுசுவென்று சத்தம். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் ஓடி அந்தத் தாளைக் காட்டச் சொன்னேன். உத்தரவு எழுதின தேதி என்ன தெரியுமா? சனவரி 6. மூன்று ராசாக்கள் திருநாள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு எழுதிய அதே நாள்.

ஆனால் நடந்ததை நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த உத்தரவு அந்த ஆகஸ்டு பதினைந்தாம் தேதியை அழிக்காது. நம் சாமியாரிடம் கூச்சமென்றால் புதுக்கோட்டைக் கோயிலில் முகம் தெரியாத சாமியார் இருக்கிறார். செருப்பைத் தேடாதீர்கள்.

இப்போது என் விஷயம். இதை யாரிடமும் சொல்லவில்லை. பிறப்புப் பூசைக்கு நான் இலுப்பூரில் நன்மை வாங்கினேன். அண்ணி, அண்ணன் பிள்ளைகள் எல்லாருக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். நான் சுத்தம், என் புருசன்தான் அழுக்கு என்று ஊருக்குக் காட்டப் போனேன். கிராதியில் முழங்கால் போட்டிருந்தபோது என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? அவருக்கு ஏதாவது ஆகட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தேன். நாக்கை நீட்டிக்கொண்டே அப்படி நினைத்தேன். அந்த வாரம்தான் உங்களுக்குக் கரியாகப் போயிருக்கிறது. கடிதத்தில் அந்த நாளைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இஞ்சி தின்ற நீங்கள் பயந்து எட்டி உட்கார்ந்தீர்கள். வஞ்சத்தை வாய் நிறைய வைத்துக்கொண்டு நான் போய் வாங்கினேன். நம் வீட்டுக்குத் திரும்பி வந்த இந்த நாலு ஞாயிறும் நான் எழுந்திருக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அருள்ராணி, "அம்மா, ஒங்களுக்கும் வயித்துவலியா?" என்று கேட்டாள். நாம் இரண்டு பேரும் இப்படி உட்கார்ந்துவிட்டால் அந்தப் பிள்ளை தனியாகவா போகும்?

மேரி

•

புதுக்கோட்டை,
15-3-1953

சேசு மரி சூசை

அன்புள்ள மேரிக்கு,

நேற்று டாக்டரிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சனிக்கிழமைக் கூட்டம். இந்தத் தடவை செருப்பை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுப் போனேன், தேடுவதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று. என் முறை வந்தது. முழங்கால் போட்டதும் கடைசிப் பாவசங்கீர்த்தனம் எப்போது என்பதுகூட மறந்துவிட்டது. இஞ்சி தின்றுவிட்டு நன்மை வாங்கினேன் சுவாமி என்று எடுத்த எடுப்பில் உளறினேன். பிள்ளைகள், வரிசை, காரம், எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை நாளா வலிக்குது?" என்றார்.

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி மேரி. ஏழு மாதம் நான் ஓடி ஒளிந்ததெல்லாம் இந்தக் கேள்விக்கா? அழுதுவிட்டேன். வெளியே நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். அதற்குப் பிறகுதான் பாவத்தைப் பற்றிப் பேசினார். அபராதமாக ஒரு ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை. அவ்வளவுதான். பாலைப் பற்றிக் கேட்டேன். "தாராளமாக் குடிங்க. குடிக்காம வந்தாத்தான் நான் கோவிச்சுக்குவேன்" என்றார். மருந்து என்ற கணக்கில் ரோமாபுரி இஞ்சிக்கே வழிவிட்டுவிட்டது, டாக்டர்தான் விடவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

இன்று காலையில் பாலைக் குடித்துவிட்டு நன்மை வாங்கினேன். பழைய பயம் ஒரே நாளில் போய்விடுமா? நாலு மணிக்கு இன்னும் விழித்துக்கொள்கிறேன். வலி இல்லாதபோதும் அதை எதிர்பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். டாக்டர், புண் ஆறும், ஆனால் திரும்பவும் வரலாம் என்கிறார். அதையும் உனக்கு மறைக்கக் கூடாது என்று எழுதிவிட்டேன். இனி எது வந்தாலும் முதலில் உன்னைத்தான் எழுப்புவேன்.

நீ நினைத்ததால் எனக்கு வந்ததில்லை. அதற்கு ஐந்து மாதத்துக்கு முன்பே புண் வந்தாகிவிட்டது, நாலாம் வகுப்புக் கணக்குத்தான், போட்டுப் பார். ஆனால் உன் மனதில் இருப்பது கணக்கில் தீராது என்று எனக்குத் தெரியும். அதனால் நான் வருவதற்குள் நீயும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டு வா. சாமியார் உன்னிடமும் முதலில் வலியைத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். புதுநன்மையன்று காலையில் பாலை நீயே காய்ச்சி ஆற்றிக் கொடு. மணலில் புதைத்த இஞ்சியைத் தோண்டி மூக்காயியிடம் கொடுத்துவிடு. அருள்ராணிக்கு ஒரு பக்கம் நான் இருப்பேன், மறுபக்கம் நீ இரு. எல்லாரும் எழுந்து போன பிறகு தரையில் ஒருத்தியாக உட்கார்ந்திருக்காதே. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன் ஆரோக்கியமுத்து